கத்தரி அக்கா வெட்டிப் போட்ட சத்தம்

எங்கள் அலுவலகத்தில் முகங்களைப் பார்க்கிறவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் முதுகைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள்.

மேட்டிலிருந்து பாராகிளைடரில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பறந்து, கீழே மைதானத்தில் பத்திரமாக இறக்கிவிடுவது எங்கள் நிறுவனத்தின் தொழில். பறக்க வந்தவர் முன்னால் தொங்குவார், பைலட் அவருக்குப் பின்னால் தொங்குவார். பதினைந்து நிமிடமும் பைலட்டின் கண்ணுக்குத் தெரிவது வாடிக்கையாளரின் ஹெல்மெட்டும் பிடரியும்தான். அந்த ஆள் அழுகிறாரா, சிரிக்கிறாரா, பெற்ற தாயைக் கூப்பிடுகிறாரா என்பதெல்லாம் குச்சி நுனியில் மாட்டிய கேமராவுக்குத்தான் தெரியும். கேமராவின் மெமரி அட்டை கீழே வந்ததும் நேராக, வீடியோ வெட்டுகிற கத்தரி அக்காவின் அறைக்குப் போகும்.

நான் முன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர்களை எடை போடுவேன், ஆபத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்குவேன், இறங்கி வந்தவர்களுக்கு அவர்களுடைய வீடியோவை டிவியில் போட்டுக் காட்டி அனுப்புவேன். பைலட்டுகள் எனக்கு வைத்த பெயர் தராசு. தொழிலைச் சொல்கிற பெயர் மாதிரி இருக்கும், உண்மையில் என் உடம்பைக் கிண்டல் செய்வதற்காக வைத்ததுதான். பதினோரு வருடமாகக் கூப்பிடுகிறார்கள், இனிமேல் கோபித்து என்ன ஆகப்போகிறது?

எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு ஒட்டுப்பலகைச் சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் வாடிக்கையாளரிடம் பொய் சொன்னால் அவளுக்குக் கேட்கும். அவளுடைய அறை எட்டடிக்கு ஏழடி. மாடிப்படிக்கு அடியில் திறக்கும் ஒரு ஜன்னல், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. மின்விசிறி கம்ப்யூட்டர்களைப் பார்த்துத்தான் சுற்றும். அக்கா வியர்த்தால் வேலை நிற்காது, கம்ப்யூட்டர் வியர்த்தால் நின்றுவிடும் என்பது முதலாளியின் கணக்கு.

இங்கே வருவதற்கு முன் இருபது வருடம் அவள் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்திகள் முறைத்துக்கொண்ட இடம், மாப்பிள்ளை கொட்டாவி விட்ட இடம், பெண் அழுத இடம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை வைத்து ஒரு சந்தோஷமான கல்யாணத்தைச் செய்து கொடுப்பாள். இங்கேயும் அதே வேலைதான். ஓடிப் புறப்படும்போது வாய் கோணிப்போனது, பாதி வழியில் வாந்தி எடுத்தது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே இறங்கி வந்தது எல்லாம் குப்பைக்குப் போகும். எங்கேயாவது நான்கு நொடி கண்ணைத் திறந்து தூரத்தில் பார்த்திருப்பார்கள். அதை எடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு மெட்டைப் போட்டால் பிறவியிலேயே பறக்கத் தெரிந்தவர் மாதிரி ஆகிவிடும்.

"பயந்தவனுக்கே அவன் பயந்தது மறந்துபோகணும் தராசு. அப்பதான் நாலு பேர்கிட்ட காட்டுவான்" என்பாள்.

ஒரு நாளைக்கு முப்பது வீடியோ. தோள்பட்டை இறங்கிவிட்டது, கண்ணுக்குச் சொட்டு மருந்து இல்லாமல் சாயங்காலத்தை ஓட்ட முடியாது. அப்படியும் கை தானாக நடக்கும். அட்டையைச் செருகியதும் அவள் செய்யும் முதல் வேலை, சத்தத்தை மொத்தமாக அழிப்பது. திரையில் படத்துக்குக் கீழே சத்தத்துக்கென்று ஒரு பச்சைப் பட்டை ஓடும். அதைத் தேர்ந்தெடுத்து ஒரு தட்டு. காற்றிரைச்சலைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது, அதை எந்த எடிட்டரும் வைத்துக்கொள்ள மாட்டார். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் போய்விடும். இங்கே வந்த இத்தனை வருடத்தில் மேலே என்ன பேசினார்கள், யார் கத்தினார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க நேரமும் இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி. எங்கள் பைலட்டுகளில் ஒருவன். அம்மா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, இவனுக்கு எட்டு. அன்றிலிருந்து அவள்தான் அவனுக்கு எல்லாம். நாற்பதைத் தொடப்போகிறான், இன்னும் அவனுக்குச் சாப்பாட்டு டப்பாவை அவள்தான் கட்டிக்கொண்டு வருகிறாள். அவள் தம்பி தம்பி என்று கூப்பிட்டு, முதலாளி உட்பட எல்லோருக்கும் அவன் தம்பியாகிவிட்டான். பறப்பதைத் தவிர வேறு எதிலும் அவனுக்கு ஒட்டுதல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தேறவில்லை, கல்யாணம் கூடி வரவில்லை. மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் மட்டும் ஆளே மாறிவிடுவான். கூன் நிமிர்ந்துவிடும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள், இறங்கும் நேரத்தில் காற்று சட்டென்று செத்துப்போனது. முன்னால் இருந்த ஆளுக்கு அடிபடக்கூடாதென்று மொத்த எடையையும் இவன் தன் காலில் வாங்கினான். அந்த ஆள் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போனார். தம்பியின் முழங்காலில் தகடு வைத்தார்கள். இனிமேல் பெரிய ஆட்களைச் சுமந்து இறங்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி அவனை மைதானத்தில் பாராகிளைடரின் துணி இறக்கையை மடிக்கிற வேலைக்குப் போடுவதாக இருந்தார். அக்கா தோள்வலியைச் சாக்காக வைத்து இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அழுதிருப்பாள். கேட்டால் தோள் வலி என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் நாய் வந்து சேர்ந்தது. மைதானத்தில் யாரோ விட்டுப்போன குட்டி. மடித்த இறக்கைக்குள் புகுந்து தூங்கி, பையோடு கட்டப்பட்டு, மேட்டுக்குப் போகிற ஜீப் வரைக்கும் போய்விட்டது. அதனால் மூட்டை என்று பெயர். பழுப்பு நிறம், ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும். தம்பி நின்றால் அவன் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுக்கும், நடந்தால் பின்னாலேயே நடக்கும். அவன் கழிவறைக்குள் போனாலும் வெளியே உட்கார்ந்து முனகும்.

ஒரு சாயங்காலம், வாடிக்கையாளர்கள் எல்லோரும் போன பிறகு, தம்பி ஆட்களை மாட்டும் ஒரு பழைய இருக்கைப் பையை வெட்டித் தைத்து அதில் மூட்டையை மாட்டிக்கொண்டு பறந்தான். பதினெட்டுக் கிலோ. முழங்கால் தாங்கியது. கேமரா அட்டையை அக்காவிடம் கொடுத்தான். அவள் வழக்கம்போலப் பச்சைப் பட்டையை அழித்துவிட்டு ஐம்பத்திரண்டு நொடிக்கு ஒரு வீடியோ செய்தாள். மடங்கிய காது காற்றில் நிமிர்ந்து ஆடுகிறது, நாக்கு வெளியே தொங்குகிறது, வாயின் இரண்டு ஓரமும் மேலே போயிருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. அடியில் ஒரு விசில் மெட்டு. பார்த்த எனக்கே வேலையை விட்டுவிட்டு நாயாகப் பிறந்து பறக்கலாமா என்று இருந்தது.

அந்த வீடியோ போகாத ஊர் இல்லை. மூட்டையைப் பார்க்கவென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிறகு தங்கள் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முதலாளி வாசலில் "உங்கள் செல்லத்தோடு பறக்கலாம்" என்று பெரிதாகப் போர்டு எழுதி வைத்தார். உரிமையாளர் வேறு பைலட்டோடு பக்கத்தில் பறப்பார், நாய்களுக்கெல்லாம் தம்பிதான் பைலட். சனி ஞாயிறுகளில் கூட்டம் சேர்வதற்காக முதலில் மூட்டையைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று, அதன் பிறகு மற்ற நாய்கள். மறுபடியும் அவன் கூன் நிமிர்ந்தது. அக்காவுக்கும் தோள் வலி குறைந்த மாதிரி இருந்தது. சில நாள் வெட்டிக்கொண்டே பாடுவாள், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஆட்களுக்கான படிவத்தில் "என் சொந்த விருப்பத்தின் பேரில் பறக்கிறேன்" என்று ஒரு வரி உண்டு. நாய்களுக்குப் படிவம் வேண்டும் என்றபோது, புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, அதையே அச்சடிக்கக் கொடுத்தவள் நான். கீழே உரிமையாளர் கையெழுத்து. உறுத்தவே இல்லை என்றால் பொய். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உறுத்தும். அதற்குள் அடுத்த ஆள் தராசில் ஏறி நிற்பார், மறந்துபோவேன்.

வீடியோவுக்குக் கீழே சண்டை நடந்துகொண்டே இருக்கும். நாய்க்கு எதற்கு வானம், உங்கள் கொழுப்புக்கு வாயில்லா ஜீவனா கிடைத்தது என்று ஒருவர் திட்டுவார். அது சிரிப்பதைப் பாருங்கள், வீட்டில் சங்கிலியில் கட்டிப் போட்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று இன்னொருவர் பதில் எழுதுவார். முதலாளி இரண்டாவது கட்சி.

"ஜீப் கதவைத் திறந்தா யாரு மொதல்ல ஏறுறது? மூட்டைதானே? கூட்டிட்டுப் போகலைன்னாதான் அதுக்குக் கொடுமை" என்பார்.

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தினமும் கண்ணால் பார்க்கிறோமே, ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இந்த வருட ஆரம்பத்தில் யாரோ பறப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதிவிட்டார்கள். சங்கத்தின் உரிமம் இல்லாமல் நாங்கள் ஒரு காற்றாடிகூட விட முடியாது. நாய்களைப் பறக்கவைப்பது வதையா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது, ஏதாவது ஒரு பறப்பின் வெட்டாத முழு வீடியோவை அனுப்பி வையுங்கள் என்று கடிதம் வந்தது.

"வெட்டாதது இருக்கில்ல? மூட்டையோடதே அனுப்பிடு. அதைவிட நல்லா சிரிக்கிற நாய் நமக்கு எங்க கிடைக்கும்" என்றார் முதலாளி.

அக்கா முந்தின ஞாயிற்றுக்கிழமையின் அட்டையைத் தேடி எடுத்தாள். வெட்டக்கூடாது என்பதால் பச்சைப் பட்டையையும் அழிக்க முடியாது. ஆரம்பம் முதல் முடிவு வரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். காலை பதினொரு மணி, கவுண்டரில் நல்ல கூட்டம். சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள். அவள் அப்படிக் கூப்பிடுகிற ஆள் இல்லை. தராசில் நின்றிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

எதுவும் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு உயரம் சொல்லும் கருவியின் பீப் பீப். கொஞ்சம் பழகிய பிறகு, அதற்கு அடியில், எண்ணெய் போடாத கதவை யாரோ மெதுவாகத் திறந்துகொண்டே இருப்பது போல மெல்லிசாக ஒரு சத்தம். அது நிற்கவே இல்லை. மூச்சு வாங்கும் நேரம் மட்டும் விட்டு, மறுபடி வந்தது. திரையில் மூட்டை நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்காமல் பார்த்தால் அது சிரிப்பே இல்லை, மூச்சிரைப்பு. அரைக்கண்ணாகத் தெரிந்ததும் அரைக்கண் இல்லை. கண் சுருங்கி, ஓரத்தில் வெள்ளை விழி தெரிந்தது. உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. உடம்பு நடுங்கியதில் பையின் வார் அதிர்வது கேமராவில் தெரிந்தது.

அதற்கும் மேல் தம்பியின் குரல். "இதோ, இதோ வந்துட்டோம்டா. அவ்வளவுதான். என் தங்கம்ல. இன்னும் கொஞ்சம்தான், பயப்படாத, நான் இருக்கேன்ல." கிளம்பிய நிமிடத்திலிருந்து இறங்கும் வரை, பதினான்கு நிமிடம், இதையே சொல்லிக்கொண்டிருந்தான். தரையில் கால் பட்டதும், "மன்னிச்சுக்கடா" என்றான். அதன் பிறகுதான் கைதட்டல் சத்தம்.

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு தராசு. தெரிஞ்சே ஏத்தியிருக்கான்" என்றாள் அக்கா.

"கேட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

"கேட்டா நிறுத்திடுவான். நிறுத்தினா என்ன ஆகும்? அவன் காலுக்கு வேற என்ன சுமக்க முடியும்? மைதானத்துல துணி மடிச்சிட்டு மத்தவங்க பறக்கிறதை அண்ணாந்து பாத்துட்டு நிக்கணும். அதை நான் என் வாயால சொல்லணுமா?"

பேசிக்கொண்டே வீடியோவை அனுப்புகிற பொத்தானைத் தட்டினாள். பச்சைப் பட்டை இருந்தபடியே இருந்தது.

"சங்கத்துல கேப்பாங்க. அவங்க வாயால வரட்டும்" என்றாள்.

பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவள் நாய் வீடியோக்கள் அத்தனையையும் சத்தத்தோடு கேட்டாள். அழிக்கத்தான் போகிறாள், ஆனாலும் முதலில் முழுதாகக் கேட்டாள். அதற்காகச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தாள். வெள்ளைக் குட்டி நாய் ஒன்று ஆரம்பம் முதல் கடைசி வரை சத்தமே போடவில்லை, பைக்குள்ளேயே சிறுநீர் கழித்திருந்தது. கறுப்புக் கிழட்டு நாய் ஒன்று மட்டும் போகிற வருகிற பறவைகளையெல்லாம் பார்த்துக் குரைத்து, வாலை ஆட்டி ஆட்டிக் கேமராக் குச்சியைத் தட்டிவிட்டது.

"இதுக்கு நிஜமாவே புடிச்சிருக்குமோ என்னவோ, தெரியல. இது ஒண்ணை வெச்சு மத்ததையெல்லாம் ஏத்துறோமே" என்றாள்.

தம்பியோடு அவள் சரியாகப் பேசவில்லை. டப்பாவை அவன் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். "என்னக்கா, கண்ணு வலியா?" என்று அவன் கேட்டால், "ஆமா" என்பாள். அவள் பாடி மூன்று வாரமாயிற்று. எனக்குச் சில சமயம் சுவரை உடைத்துக்கொண்டு போய் அவனிடம் நானே சொல்லிவிடலாமா என்று ஆத்திரம் வரும். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவளுடைய தம்பி, அவளுடைய கஷ்டம், நடுவில் நான் யார் என்று ஒரு சமாதானம். சோம்பேறிகளுக்கு இந்த மாதிரிச் சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. முதலாளி கவுண்டரிலேயே நின்று உரக்கப் படித்தார். அனுப்பிய வீடியோவைக் குழு பார்வையிட்டது. பறப்பு முழுவதும் நாய் மகிழ்ச்சியாகவே காணப்படுகிறது. காற்றிரைச்சல் மிகுந்திருப்பதால் ஒலியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதி தொடரலாம்.

பைலட்டுகள் கைதட்டினார்கள். யாரோ மூட்டையைத் தூக்கித் தம்பியின் தோளில் வைத்தார்கள். முதலாளி அனுமதிக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்றார். அக்கா தன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. பெரிய மனிதர்கள் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவள் இத்தனை வருடமாகச் செய்ததையே செய்திருந்தார்கள்.

மத்தியானம் கூட்டம் கலைந்ததும் தம்பியை உள்ளே கூப்பிட்டாள். மூட்டையும் கூடவே போனது. நானும் அன்றைய அட்டைகளைக் கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். அக்கா அவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தை ஸ்பீக்கரில் வைத்து ஓடவிட்டாள்.

முதல் முனகல் வந்ததுமே, கீழே படுத்திருந்த மூட்டை தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தது. பிறகு எழுந்துபோய் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டது.

தம்பி பாதிவரை கேட்டான். தன்னுடைய குரல் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான்.

"உனக்குக் கேட்டிருக்குல்ல?" என்றாள் அக்கா. மூன்று வாரக் கோபமும் அதில் இருந்தது. "கேட்டும் எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு? வாரா வாரம் ஏத்தினியே?"

"கேக்கும்க்கா. மொத நாள்லேர்ந்து கேக்கும்."

"அப்புறம்?"

அவன் குனிந்து மேசைக்கு அடியில் இருந்த மூட்டையைப் பார்த்தான். பேசியபோது குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் மூட்டையோட பிடரியை மட்டும்தானே பாக்கிறேன். காதுல ஹெல்மெட்டு, காத்து, அந்தக் கருவி வேற கத்திட்டே இருக்கும். கீழ எறங்கினதும் மொதல்ல வந்து உன் வீடியோவைத்தான் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் சிரிச்சிட்டு இருப்பான். மூஞ்சியப் பாக்கிறவ நீ. நீ ஒண்ணுமே சொல்லல. அப்போ எனக்குத்தான் தப்பா கேக்குதுன்னு நெனச்சேன்க்கா."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"நான் சத்தத்தை அழிச்சிட்டுத்தான்டா படத்தையே தொறப்பேன். நீ கூடவே இருக்க, உனக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

அவள் அவனை நம்பியிருக்கிறாள், அவன் அவளை நம்பியிருக்கிறான். அதற்கு நடுவில் அந்த நாய் மூன்றரை வருடம் தொங்கியிருக்கிறது. எனக்கு அழுகையாக வந்தது. படிவம் அச்சடித்தவள் அழுது என்ன, அழாமல் என்ன?

தம்பி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டி, மேசைக்கு அடியில் கையை விட்டான். மூட்டை உடனே வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்து அவன் காலில் தலையை வைத்தது.

"ஜீப்ல தாவி ஏறுதுன்னு எல்லாரும் சொல்வீங்க. ஜீப்புக்கா ஏறுது? நான் ஏறுறேன்னு ஏறுது. நான் கெணத்துல குதிச்சாலும் குதிக்கும்" என்றான்.

"நாளைக்கு என்னடா பண்ணப்போற?"

"இனிமே இவனையும் ஏத்த மாட்டேன், வேற எவன் நாயையும் ஏத்த மாட்டேன்."

"அப்போ உன் பறப்பு?"

"முட்டி எப்பவோ சொல்லிடுச்சுக்கா. நான்தான் காதுல போட்டுக்கல."

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அக்கா அவன் தலையில் கையை வைத்தாள். எட்டு வயதில் எப்படி வைத்திருப்பாளோ அப்படி. நான் அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

முதலாளி குதித்தார். அனுமதி கையில் இருக்கிறது, இப்போது போய் மனசாட்சி பேசுகிறாயா, ஊரெல்லாம் தெரிந்த நாய், போர்டில் அதன் படம் இருக்கிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். திங்கட்கிழமை முதல் தம்பி மைதானத்தில் இறக்கை மடிக்கிறான். அக்கா பயந்த அதே வேலை. முதல் வாரம் முழுவதும் அவன் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. வருகிற இறக்கையை வாங்கினான், கயிற்றைச் சிக்கெடுத்தான், காற்றை அழுத்தி வெளியேற்றி மடித்தான். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அக்கா மைதானத்துக்கே போனாள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கூன் பழையபடி விழுந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

வாடிக்கையாளர்களின் நாய்களை வேறு ஒரு பைலட்டுக்கு மாற்றினார்கள், அவன் உரிமையாளரையும் நாயையும் சேர்த்தே ஏற்றுகிறான். போர்டு அப்படியே இருக்கிறது, சட்டம் போட்ட கடிதம் என் தலைக்கு மேல் தொங்குகிறது. நாய்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வருகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நாயின் கழுத்தை நீவிவிட்டு, முத்தம் கொடுத்து, குடிக்கத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். தான் சந்தோஷப்படுகிற இடத்துக்கு அதையும் கூட்டிப்போக வேண்டும் என்கிற ஆசைதான். அவர்களிடம் நான் என்ன சண்டை போடுவது?

அக்கா ஒரே ஒரு மாற்றம் செய்தாள். நாய் இருக்கிற வீடியோவில் மட்டும் மெட்டுப் போடுவதை நிறுத்தினாள். வேகத்தைக் குறைப்பதில்லை, பச்சைப் பட்டையைத் தொடுவதில்லை. முதல் வீடியோவைப் பார்த்ததும் முதலாளி அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன இது, மியூசிக் எங்க?"

"போடல."

"இதை யாரு வாங்குவாங்க?"

"அவங்க நாய், அவங்க பறந்தது. நான் எதையும் சேக்கல, எதையும் வெட்டல. சங்கத்துக்கு அனுப்பினீங்களே, அதே மாதிரிதான். புடிக்கலைன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

ஒரு நாளைக்கு முப்பது வீடியோ வெட்ட வேறு ஆள் எங்கே கிடைக்கும்? முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போனார். இன்று போனவர் நாளை திரும்பி வருவார், அது வேறு விஷயம்.

அன்று மத்தியானம் வந்தது ஒரு கணவனும் மனைவியும். முப்பதை ஒட்டிய வயது. காதுகள் தொங்கும் சின்ன நாய், ஆறு கிலோ. நான்தான் எடை போட்டேன். கணவன்தான் அதோடு பறந்தான், மனைவி கீழே நின்று போட்டோ எடுத்தாள். இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நாய் அவள் மடியில். டிவியில் வீடியோவைப் போட்டேன். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. நாயும் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. அந்த மெல்லிய சத்தம் ஆரம்பித்து அறை முழுக்க ஓடியது.

அவன் சிரித்தபடியே என் பக்கம் திரும்பினான். "சத்தம் கொஞ்சம் சரியில்லையே மேடம். காத்துதானே?"

பதினோரு வருடமாக இந்தக் கவுண்டரில் ஆமாங்க என்று சொல்லியே என் வாய் பழகிவிட்டது. கால் நடுங்கினால் குளிர்தானே என்பார்கள், ஆமாங்க. முகம் வெளுத்திருந்தால் வெயில்தானே என்பார்கள், ஆமாங்க. ஒட்டுப்பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இல்லைங்க. உங்க நாய்தான்" என்றேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அந்தப் பெண் வீடியோவை முதலிலிருந்து போடச் சொன்னாள். போட்டேன். இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த நாயைப் பார்த்தபடி கடைசி வரைக்கும் கேட்டாள்.